தரைக்கு அடியில் நின்று நடித்தவர்கள்

ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் நடிகர் பிரிவு உறுப்பினர்களுக்கு,

உங்கள் பிரிவில் சேரும்படி 2022-ல் சூர்யாவுக்கும் 2025-ல் கமல்ஹாசனுக்கும் அழைப்பு வந்தது. ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோளைத் தமிழில் எழுதுவது பொருத்தம்தான் என்று நினைக்கிறேன். கேமராவின் முன்னால் ஒரு பொம்மையை இயக்கி, அதற்குக் குரலும் கொடுத்து, ஒரு பாத்திரத்தைப் படம் முழுக்கத் தாங்குகிற கலைஞரை நடிகராகவே மதித்து உங்கள் நடிப்பு விருதுகளுக்குப் பரிசீலியுங்கள் என்பதுதான் அந்த வேண்டுகோள். அவர்களுக்கென்று தனி விருது கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை. மற்ற நடிகர்களை எந்த அளவுகோலால் அளக்கிறீர்களோ அதே அளவுகோலால் இவர்களையும் அளந்து பாருங்கள். அளந்த பிறகு தகுதியில்லை என்று தோன்றினால் தாராளமாக ஒதுக்கிவிடுங்கள். இதுவரை அளக்கவே இல்லை என்பதுதான் என் குறை.

1981 மார்ச் 31 அன்று நடந்த உங்கள் விழாவை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு சிறந்த நடிகருக்கான ஐந்து பேரில் ஒருவராக ஜான் ஹர்ட் இருந்தார். ‘தி எலிஃபண்ட் மேன்’ படத்தில் அவருடைய சொந்த முகம் தெரியவே தெரியாது. கிறிஸ்டோபர் டக்கர் செய்த கனத்த ஒப்பனை தலை முழுவதையும் மூடியிருந்தது. குரல், மூச்சு, தலை சாயும் கோணம், ஒரு கண்ணின் அசைவு, இவ்வளவுதான் ஹர்ட்டின் கையில் இருந்தவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர் நடித்தார் என்று நீங்கள் சரியாகவே கண்டுகொண்டீர்கள். அதே ஆண்டு போட்டியில் இருந்த இன்னொரு படம் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’. அதில் யோடா என்ற முதிய குருவாக நடித்தவர் ஃபிராங்க் ஆஸ். துணை நடிகர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும் என்று அந்தப் படவரிசையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் முயன்றது பரவலாகப் பதிவான செய்தி. பெயர் வரவில்லை. பொம்மையை ஆட்டுவது நடிப்பாகாது என்ற எண்ணமே காரணம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அந்தப் படத்தின் காட்சி உத்திகளுக்குச் சிறப்பு விருது கிடைத்தது. ஹர்ட் ரப்பருக்குள் இருந்தார். ஆஸ் உயர்த்திக் கட்டிய அரங்கத்தின் தரைக்கு அடியில் இருந்தார். இருவர் முகமும் திரையில் இல்லை. ஒருவர் நடிகர், மற்றவர் நடிகர் அல்லர் என்று பிரிக்க எந்தக் கோட்டை வரைந்தீர்கள்? முழு வசனத்தையும் வேறொருவர் பேசியிருந்தால் அந்த நடிப்புக்குத் தகுதியில்லை என்று உங்கள் விதிகளில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையையும் ஆஸ் நிறைவேற்றினார். யோடாவுக்கு வேறு குரல்களைத் தேடிப் பார்த்த லூகாஸ், கடைசியில் ஆஸின் குரலையே வைத்துக்கொண்டார்.

திரைப் பொம்மலாட்டம் எப்படி நடக்கிறது என்பதை நடிகர்களான உங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனாலும் இந்த வாதம் முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது. மேடைப் பொம்மலாட்டத்தில் கலைஞரை மறைக்க ஒரு திரையோ தட்டியோ வேண்டும். 1955-ல் வாஷிங்டனில் ‘சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ என்ற சிறு நிகழ்ச்சியைத் தொடங்கிய ஜிம் ஹென்சன் அந்தத் தட்டியைத் தூக்கி எறிந்தார். தொலைக்காட்சிச் சட்டகத்தின் கீழ் விளிம்பே மறைப்பாக ஆனது. கலைஞர் சட்டகத்துக்குக் கீழே நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, எதிரே இருக்கும் மானிட்டரில் பொம்மையைப் பார்த்துக்கொண்டே இயக்குவார். இதன் விளைவு பெரியது. பார்வையாளர் பார்க்கிற அதே பிம்பத்தை, அதே கணத்தில், நடிப்பவரும் பார்க்கிறார். பொம்மையின் தலையை ஒரு விரல் அகலம் தாழ்த்தினால் வெட்கமா வெறுப்பா என்பதை அங்கேயே கண்டு, அங்கேயே திருத்துகிறார். மானிட்டர் கண்ணாடியைப் போல இடவலம் மாற்றிக் காட்டாது என்பதால், தன் கையின் திசையை மனத்துக்குள் புரட்டிப் போட்டபடியே இதைச் செய்ய வேண்டும். புதிதாகக் கற்பவர் வாயைத் திறக்க நான்கு விரல்களையும் மேலே தூக்குவார். பொம்மையின் மண்டை பின்னால் சாய்ந்துவிடும். தேர்ந்தவர் கட்டைவிரலைக் கீழே இறக்குவார். தாடை மட்டும் அசையும், பார்வை நிலைத்திருக்கும். ஹென்சன் இயக்கிய கெர்மிட் என்ற தவளைப் பொம்மையின் முகத்துக்குள் எந்த இயந்திரமும் கிடையாது. துணிக்குள் விரல்கள் மடங்கும் விதத்தில்தான் அதன் எரிச்சலும் ஏக்கமும் பிறக்கின்றன. இத்தனையும் நடக்கும்போது வாய் வசனம் பேசுகிறது, காது எதிர்நடிகரைக் கேட்கிறது, அவர் வரியை மாற்றினால் பதிலும் மாறுகிறது. நடிப்பு என்று நீங்கள் எதையெல்லாம் சொல்வீர்களோ அவற்றில் இங்கே இல்லாதது எது?

உடல் படும் பாட்டைச் சொல்லி இரக்கம் தேட எனக்கு விருப்பமில்லை. 1979-ல் வந்த ‘தி மப்பெட் மூவி’யில் கெர்மிட் சதுப்புநிலத்தில் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து பாடுவதற்காக, ஹென்சன் தண்ணீருக்கு அடியில் ஓர் உலோகத் தொட்டிக்குள் மடங்கிக் கிடந்தார். அது துணிச்சல், துணிச்சலுக்காக மட்டும் நடிப்பு விருது கொடுக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி, பாத்திரத்தைப் பற்றிய முடிவுகளை யார் எடுத்தார் என்பது. இதற்குக் கரோல் ஸ்பின்னியின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1933-ல் மாசசூசெட்ஸில் பிறந்த ஸ்பின்னி, ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கிய 1969 முதல் 2018 வரை பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவையாகவும், குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கர் என்ற சிடுமூஞ்சியாகவும் இருந்தார். பிக் பேர்டின் உயரம் 8 அடி 2 அங்குலம். ஸ்பின்னியின் வலது கை தலைக்கு மேல் நீண்டு பறவையின் கழுத்தாகும்; அந்தக் கையின் சுண்டுவிரல் இமைகளை அசைக்கும். இடது கை இடது இறக்கைக்குள் இருக்கும். வலது இறக்கை ஒரு தூண்டில் நரம்பால் இடது கையோடு கட்டப்பட்டிருக்கும், ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். உள்ளிருந்து வெளியே பார்க்க முடியாது என்பதால் மார்பில் ஒரு சிறு மானிட்டர். வசனத் தாள் உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தச் சாதனங்களைப் பற்றியல்ல. தொடக்கத்தில் எழுத்தாளர்கள் பிக் பேர்டை மந்தபுத்தியுள்ள ஒரு நாட்டுப்புறத்தானாகத்தான் எழுதினார்கள். அவன் ஒரு குழந்தையாக இருக்க வேண்டும், பார்க்கும் குழந்தைகள் கற்பதையே அவனும் கற்க வேண்டும் என்று சொன்னவர் ஸ்பின்னி. உடையில் தலை இறகுகள் கூடியதைத் தவிர அதிக மாற்றமில்லை. பாத்திரம் அடியோடு மாறியது. அதே மனிதர் முரட்டுக் குரலில் ஆஸ்கராகப் பிள்ளைகளை விரட்டினார். ஒருவரிடமிருந்து எதிரெதிரான இரண்டு குணங்கள், அரை நூற்றாண்டு காலம். ‘செசமி ஸ்ட்ரீட்’டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். தயாரிப்பாளர்கள் அதை மறைக்கவில்லை. 1983 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில், தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வரும் பிக் பேர்ட், ஹூப்பருக்கான படத்தை நீட்டி, அவர் எங்கே என்று கேட்கிறான். இறந்தவர் திரும்ப வருவதில்லை என்பதைப் பெரியவர்கள் சொல்ல, அவன் அதை மெல்ல உள்வாங்குகிறான். அந்தப் படங்களை வரைந்தவரும் ஸ்பின்னிதான். சுற்றி நின்ற நடிகர்கள் உண்மையிலேயே அழுதார்கள். அவர்கள் எதிரே இருந்தது இறகும் நுரையும். அழவைத்தது அதற்குள் இருந்தவரின் தயக்கமும் குரலும். இது தொலைக்காட்சி, எங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பீர்கள். சரி, 1985-ல் வந்த ‘ஃபாலோ தட் பேர்ட்’ திரைப்படத்தின் நாயகன் இதே பறவைதான். அந்தக் கதையில் அவனைப் பிடித்து, நீல வண்ணம் பூசி, கூண்டில் அடைத்துப் பாட வைக்கிறார்கள். ஒரு முழுநீளப் படத்தின் மையப் பாத்திரத்தைத் தாங்கிய நடிகராக ஸ்பின்னி அந்த ஆண்டு உங்களில் எத்தனை பேர் நினைவுக்கு வந்திருப்பார்?

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது: நம்மை நெகிழவைப்பது பொம்மையின் வடிவம், அதைச் செய்தவரின் திறமை, ஆட்டுபவர் வெறும் இயக்குவிசை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்டூவர்ட் ஃபிரீபார்ன் செதுக்கிய யோடாவின் சுருக்கங்களும் கண்களும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. 1999-ல் ‘தி ஃபேண்டம் மெனஸ்’ படத்துக்குச் செய்த யோடா பொம்மையையும் ஆஸ்தான் இயக்கினார். ஆனால் வடிவம் மாறியிருந்ததால் பலருக்கு அது ஒட்டவில்லை, பிற்பாடு கணினி உருவத்தால் அதை மாற்றியே விட்டார்கள். நல்ல பொம்மை இல்லாமல் நல்ல நடிப்பு கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மோசமான ஒப்பனை எந்த நடிகரையும் இதேபோலக் கெடுக்கும். ‘அவ்வை சண்முகி’யில் ஒப்பனைக்குள் மறைந்திருந்த கமல்ஹாசனைப் பார்த்து, பாதிப் பெருமை ஒப்பனைக்காரருக்குச் சேரும் என்று சொல்வது நியாயம், ஆகவே கமல் நடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் தமிழ்நாட்டில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். மறுபுறம், வடிவம் மாறாமல் கை மட்டும் மாறினால் என்ன ஆகிறது என்பதும் நமக்குத் தெரியும். 1990 மே மாதம் ஹென்சன் 53 வயதில் இறந்த பிறகு கெர்மிட்டை ஸ்டீவ் விட்மயர் ஏற்றார். 2017 முதல் மேட் வோகல். பொம்மை ஒன்றுதான். மூன்று கெர்மிட்டுகளும் ஒன்றல்ல என்பதைக் குரலை மட்டும் வைத்து அல்ல, பேசாமல் நிற்கும் விதத்தை வைத்தே ரசிகர்கள் சொல்லிவிடுகிறார்கள். வடிவமே எல்லாமென்றால் இந்த வேறுபாடு வந்திருக்கவே கூடாது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. ஒரு பொம்மைக்குப் பல கைகள். விருதை யாரிடம் கொடுப்பது? யோடாவின் தலையும் வாயும் ஆஸிடம் இருந்தன; கண், காது முதலியவற்றைக் கேத்ரின் மல்லன், வெண்டி மிடனர், டேவிட் பார்க்ளே ஆகியோர் பார்த்துக்கொண்டார்கள். ‘தி மப்பெட் ஷோ’வின் சுவீடன் சமையற்காரருக்குத் தலையும் குரலும் ஹென்சன், கைகள் ஆஸ். ஆனால் இந்தக் கூட்டு வேலைக்குள் ஒரு தலைமை உண்டு. குரல் கொடுத்து, தலையை இயக்கி, காட்சியின் வேகத்தை முடிவுசெய்பவர் ஒருவர். மற்றவர்கள் அவருடைய மூச்சைப் பின்தொடர்கிறார்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவரைத் தனித்துக் காட்டுவது தயாரிப்பாளர்களுக்கு முடியாத காரியமல்ல. அப்படி ஒருவரைச் சுட்டவே முடியாத படங்களும் இருக்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் ஆஸே இயக்கிய ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தின் மனிதரைத் தின்னும் செடி அத்தகையது. அதன் குரல் லீவை ஸ்டப்ஸுடையது. இயக்கியவர்கள் பெருங்குழு. உதடுகள் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்காததால் கேமராவை மெதுவாக ஓடவிட்டு, எதிரே நடித்த ரிக் மொரானிஸையும் மெதுவாக அசையச் சொல்லிப் படமெடுத்தார்கள். அபாரமான வேலை. ஆனாலும் அதற்குத் தனிநபர் நடிப்பு விருது கேட்க மாட்டேன். அந்தப் படம் காட்சி உத்திகளுக்குப் பரிந்துரை பெற்றது பொருத்தமே. சில செடிகளுக்குப் பெயர் சொல்ல முடியாது என்பதற்காக எல்லாப் பாத்திரங்களுக்கும் கதவைச் சாத்துவது மட்டும் எனக்குப் புரியவில்லை.

தனி விருது ஒன்றை உருவாக்கலாமே என்பது நல்லெண்ணத்தோடு வரும் யோசனை. ‘தி எலிஃபண்ட் மேன்’ ஒப்பனையை நீங்கள் கௌரவிக்கவில்லை என்று எழுந்த எதிர்ப்புக் குரல்களால்தான் அடுத்த ஆண்டு ஒப்பனைக்கு நிரந்தர விருதே வந்தது. அண்மையில் நடிகர் தேர்வுக்கு விருது ஏற்படுத்தினீர்கள். 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டைக்காட்சி வடிவமைப்புக்கும் உண்டு. அகாடமிக்குக் காது கேட்கிறது என்பதற்கு இவை சான்று, இந்த மடலை எழுத எனக்குத் துணிவு தந்தவையும் இவையே. ஆனாலும் பொம்மலாட்டக்காரருக்கு அந்த வழி பொருந்தாது. ஓர் ஆண்டில் ஐந்து பேரைத் தேற்றும் அளவுக்கு இத்தகைய படங்கள் வருவதில்லை என்பது நடைமுறைத் தடை. அதைவிடப் பெரிய தடை, தனி விருது என்பதே ‘நீ செய்தது வேறொன்று’ என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அகாடமி ஒருமுறை மரத்திலேயே செதுக்கிக் கொடுத்திருக்கிறது. 1938-ல் எட்கர் பெர்கனுக்கு, சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையைப் படைத்ததற்காக, வாய் அசையும் ஒரு மரச் சிலை கௌரவ ஆஸ்கராக வழங்கப்பட்டது. அன்புடன் கொடுத்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைத்த சிலையின் உலோகம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இவர்களை அனுமதித்தால் கணினி உருவங்களும் வரிசையில் வந்து நிற்குமே என்ற அச்சமும் உங்களிடம் இருக்கிறது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் கோல்லம் என்ற கணினி உருவமாக நடித்த ஆண்டி செர்கிஸ் விஷயத்தில் அந்த விவாதம் நடந்து, முடிவில்லாமல் போனது. அங்கே சிக்கல் உண்மையானது: நடிகர் தந்த அசைவில் எவ்வளவு நின்றது, பின்னால் கணினியில் அமர்ந்தவர்கள் எவ்வளவு சேர்த்தார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம். பொம்மலாட்டத்தில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. கேமரா ஓடும் நேரத்தில், எதிர்நடிகர் நிற்கும் அதே வெளிச்சத்தில், நடிப்பு நடந்து முடிந்துவிடுகிறது. பின்னால் கம்பிகளையும் கைகளையும் அழிப்பார்கள். கீழேயிருந்து பேசும் ஆஸின் குரல் கேட்க யோடாவோடு நடித்த மார்க் ஹாமிலுக்குக் காதுக்கருவி தேவைப்பட்டது. ஆனால் அவர் பதில் சொன்னது அந்தக் கணத்தில் தனக்குக் கிடைத்த ஒரு பார்வைக்கும் ஒரு தயக்கத்துக்கும். ஆகவே இதுதான் எளிய வழக்கு. எளியதை முதலில் தீர்த்தால் கடினமானதைத் தீர்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

உங்களைச் சுற்றியுள்ளவர்கள் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்க நடிகர் சங்கத்தின் ஒப்பந்தங்களில் பொம்மலாட்டக்காரர்கள் நடிப்புக் கலைஞர்களாகவே இடம்பெறுகிறார்கள். பகல்நேர எம்மி விருதுகள் ஸ்பின்னிக்குப் பலமுறை நடிப்புக்காகவே கிடைத்தன. 2006-ல் வாழ்நாள் சாதனை விருதும் கிடைத்தது. திரைப்படத்தில் மட்டும் அந்த ஏற்பு இல்லை, அதன் விலையைக் கலைஞர்கள் தங்கள் தொழில்வாழ்வில் கொடுக்கிறார்கள். முகம் தெரியாதவரிடம் பேரம் பேச எதுவும் இல்லை. பாத்திரமோ நிறுவனத்தின் சொத்து. அடுத்த படத்தில் அதைக் கணினிக்கு மாற்றினால் அவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2002-ல் யோடாவும் கணினி உருவமானார். 2017-ல் ‘தி லாஸ்ட் ஜெடை’க்காக மீண்டும் பொம்மையாகவும் ஆஸின் கையிலும் திரும்பினார். மிஸ் பிக்கி, ஃபோஸி, குரோவர், பெர்ட், குக்கி மான்ஸ்டர் எனக் குணத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத பாத்திரங்களைப் படைத்த ஆஸை, திரையுலகம் ஒரு நகைச்சுவைப் பட இயக்குநராகத்தான் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. இந்த அளவு விரிவு ஒரு முகம் தெரிந்த நடிகரிடம் இருந்திருந்தால் அவரைப் பற்றி நடிப்புப் பள்ளிகளில் பாடம் நடத்தியிருப்போம்.

நான் கேட்பவை நடைமுறையில் சிறியவை. ஒன்று, குரலும் முதன்மை இயக்கமும் ஒருவருடையதாக இருக்கும் பொம்மைப் பாத்திரம் நான்கு நடிப்புப் பிரிவுகளுக்கும் தகுதியுடையது என்று ஒரு வரியை விதியில் தெளிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு, தகுதிபெற்ற நடிப்புகளின் பட்டியலை நிறுவனங்கள் அனுப்பும்போது இந்தப் பெயர்களும் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் பிரிவின் நிர்வாகிகள் கேட்கட்டும். மூன்று, ஹென்சனும் ஸ்பின்னியும் இன்று இல்லை. ஃபிராங்க் ஆஸ் 1944-ல் பிறந்தவர், எண்பதைக் கடந்துவிட்டார். கௌரவ ஆஸ்கருக்கு அவர் பெயரை முன்மொழியுங்கள். முன்மொழியும் கடிதத்தில் கைவினை, உத்தி, கற்பனை உலகங்கள் என்றெல்லாம் எழுத வேண்டாம். 1980-ல் வெளிவந்த படத்தில் அவர் தந்த நடிப்புக்காக என்று எழுதுங்கள்.


தமிழில் படம் பார்க்கும் ஓர் எழுத்தாளர்